பாசெட் ஹார்னா, ஆல்டோ கிளாரினெட்டா: பாளையங்கோட்டைக் குழுவுக்கு எதை வாங்குவது?

பாளைக் கிளாரினெட்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடற்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் காற்றிசைக் குழு ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பி-பிளாட் கிளாரினெட் வாசித்து வருகிறேன். நாங்கள் ஏழு பேர். நான்கு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல், ஒரு கார்னெட், தாழ்ந்த ஒலிப் பித்தளைக் கருவியான யுபோனியம் ஒன்று. கீதபவனிக்கும் அசனப் பண்டிகைக்கும் வாசித்தே பழகிய எங்களுக்கு இந்த ஆண்டு பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. வருகிற லெந்து (தவக்கால) நாட்களில் பாடுவதற்காக மொஸார்ட்டின் ரெக்வியத்திலிருந்து (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) ‘ரெக்கோர்டாரே’ பகுதியைப் பாடற்குழுத் தலைவர் எடுத்திருக்கிறார். 1791-ல் மொஸார்ட் தம் கடைசி மாதங்களில் எழுதிய அந்த ஆக்கத்தில் புல்லாங்குழல், ஓபோ, சாதாரணக் கிளாரினெட் ஆகிய எதற்கும் இடமில்லை. மரக்காற்றுக் கருவிகள் என்று இருப்பவை இரண்டு பாசெட் ஹார்ன்களும் (கிளாரினெட் குடும்பத்தின் தாழ்ந்த ஒலிக் கருவி) இரண்டு பாசூன்களும் மட்டுமே. ரெக்கோர்டாரே தொடங்கும்போது செல்லோவின் மேல் அந்த இரண்டு பாசெட் ஹார்ன்களும் ஒன்றையொன்று பின்தொடர்ந்து இழையும் இடத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குழுவில் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் இருக்கிறது. அதைக்கொண்டு ஒரு கருவி வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு கருவிகள் பார்வைக்கு வந்துள்ளன. முதலாவது, நாகர்கோவிலில் ஓய்வு பெற்ற பேண்டு வாசிப்பாளர் ஒருவரிடம் உள்ள ஈ-பிளாட் ஆல்டோ கிளாரினெட். பண்டி என்ற பெயரில் வந்தது; ரெசோனைட் என்ற செயற்கைப் பொருளால் ஆன உடல் கொண்டது. இரண்டாவது, வெளியூர் வியாபாரி ஒருவர் ‘பாசெட் ஹார்ன்’ என்று சொல்லி விற்கும் பழைய மரக்கருவி, எஃப் சுருதி. விலை முதலாவதைப்போல நான்கு மடங்கு. மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. குழுவின் பணம் என்பதால், விவரம் தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்காமல் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தென்பொருநை

அண்ணாச்சி, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையத்தை அடுத்த சிற்றூர்; வேலைக்காக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே பொழுதுபோக்காக வாசிப்பவர்களின் குழு ஒன்றில் பாசெட் ஹார்னைக் கையில் எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அதன் பக்கம் நின்று பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கருவிகளும் தோற்றத்தில் அக்கா தங்கைபோல இருக்கும். வளைந்த உலோகக் கழுத்து, நடுவில் நேரான உடல், கீழே மேல்நோக்கித் திரும்பிய உலோக மணி. வேறுபாடு உள்ளே இருக்கிறது. நம் பி-பிளாட் கிளாரினெட்டின் உள்துளை ஏறக்குறைய 14.6 முதல் 15 மில்லிமீட்டர். நல்ல பாசெட் ஹார்ன்கள் பலவற்றில் அது 16 மில்லிமீட்டருக்கு அருகிலேயே நிற்கும். குழல் இவ்வளவு நீண்டும் துளை ஒடுங்கியே இருப்பதால்தான், மெல்லிய திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோன்ற அந்த அடங்கிய, சற்றே மூக்கொலி கலந்த நாதம் பிறக்கிறது. ஆல்டோ கிளாரினெட்டில் துளை பெரும்பாலும் 17 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒலி உருண்டு, பருத்து, பேண்டு நடுவில் நிரம்பி நிற்கும். அந்த ஒலியும் நல்ல ஒலிதான். ஆனால் மொஸார்ட் காதில் கேட்டு எழுதிய ஒலி அதுவன்று.

இந்தக் கருவிகளுக்காக எழுதப்பட்ட ஆக்கங்களையும் பாருங்கள். பாசாவ் நகரத்து மாயர்ஹோஃபர் சகோதரர்கள் 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த கருவிகள்தாம் நாம் அறிந்த பழைய பாசெட் ஹார்ன்கள். அடுத்த ஏறக்குறைய 20 ஆண்டுகளில் மொஸார்ட் அதற்கு என்னென்ன எழுதிவிட்டார்! 13 கருவிகளுக்கான ‘கிரான் பார்ட்டிட்டா’, 1785-ன் ஃப்ரீமேசன் இரங்கல் இசை, மூன்று பாசெட் ஹார்ன்களுக்கான திவெர்டிமெண்டோக்கள், ‘டீட்டோ’ ஓபராவில் கிளாரினெட் வாசிப்பாளர் அன்டோன் ஸ்டாட்லருக்காக எழுதிய தனிப்பகுதி, பிறகு ரெக்வியம். 1830-களின் தொடக்கத்தில் மெண்டல்சோன், பேர்மான் என்ற தந்தைக்கும் மகனுக்குமாகக் கிளாரினெட், பாசெட் ஹார்ன், பியானோ மூன்றும் சேரும் இரண்டு கச்சேரித் துண்டுகளை எழுதினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1909-ல் அரங்கேறிய ‘எலெக்ட்ரா’வில் அதை மீண்டும் அழைத்து வந்தார். ஆல்டோவுக்கு இப்படி ஒரு வரிசையைச் சொல்ல முடியாது. கிரெய்ஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போஸி’ போன்ற பேண்டு ஆக்கங்களில் அதற்கு இடமுண்டு. 1964-ல் ஸ்ட்ராவின்ஸ்கி ஒரு குரலுக்கும் மூன்று கிளாரினெட்டுகளுக்கும் எழுதிய இரங்கற்பாவில் மூன்றாவது கருவி ஆல்டோ. பேண்டு ஆக்கங்களில் ஆல்டோவின் வரியைப் பெரும்பாலும் வேறொரு கருவியும் சேர்ந்தே வாசிக்கும். அது இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் குறை தெரியாது.

காத்திருந்தாலும் பரவாயில்லை, பாசெட் ஹார்னையே வாங்குங்கள்.

வண்ணார்பேட்டை டீச்சர்

தம்பி தென்பொருநை சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் ஏழு பேர் கொண்ட குழுவுக்காகக் கேட்கிறார். ரெக்கோர்டாரேக்கு வேண்டியவை இரண்டு பாசெட் ஹார்ன்கள், வாங்கப்போவதோ ஒன்று. இரண்டாவது பாகத்தை எப்படியும் வேறு கருவியில்தான் வாசிக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சுரக் கணக்கைச் சொல்கிறேன். பாசெட் ஹார்ன் எஃப் கருவி. ஏட்டில் ‘ஸி’ என்று எழுதியதை வாசித்தால் ஐந்தாம் சுரம் கீழே ‘எஃப்’ ஒலிக்கும். ஆல்டோ ஈ-பிளாட் கருவி என்பதால் பாசெட் ஹார்னின் ஏட்டை ஒரு முழுச் சுரம் மேலே ஏற்றி வாசிக்க வேண்டும். ரெக்கோர்டாரே எஃப் மேஜர். பாசெட் ஹார்ன் ஏட்டில் அது ஸி மேஜராக, ஒரு ஷார்ப்பும் (அரைச்சுரம் ஏற்றும் குறி) இல்லாமல் இருக்கும். ஆல்டோவுக்கு எழுதினால் டி மேஜர், இரண்டு ஷார்ப். பி-பிளாட் கிளாரினெட்டுக்கு எழுதினால் ஜி மேஜர், ஒரு ஷார்ப். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு மாலை நேரத்தில் இரண்டு பாகங்களையும் நானே எழுதித் தந்துவிடுவேன்.

அடிச்சுரத்தைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். பாசெட் ஹார்னில் ஏட்டுச் சுரம் ‘ஸி’ வரை இறங்க முடியும் என்பதால், ஆல்டோ அதற்கு வெகு மேலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாசெட் ஹார்னின் அடி ‘ஸி’ ஒலிப்பது 87 ஹெர்ட்ஸ் அளவுள்ள எஃப். அடி ஈ-பிளாட் கீ (விரலால் அழுத்தும் நெம்பு) உள்ள ஆல்டோவில் கடைசிச் சுரம் ஒலிப்பது 92 ஹெர்ட்ஸை ஒட்டிய ஜி-பிளாட். இடையில் இருப்பது ஒரே ஓர் அரைச்சுரம். ரெக்கோர்டாரே தொடங்கும் இடத்தில் அந்த ஆழத்துக்கு வேலையே இல்லை. இரண்டு பாகங்களும் குரலின் நடுப்பகுதியிலேயே உலவுகின்றன.

அம்பை நாதம்

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எங்கள் வீட்டில் தாத்தா நாகசுரம், அப்பா நாகசுரம். நான் கிளாரினெட்டுக்கு வந்தேன். ஏ.கே.சி. நடராஜன் ஐயா கிளாரினெட்டைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்திக் காட்டியிராவிட்டால் என் அப்பா இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். மேல்நாட்டு இசை ஏட்டைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் அண்ணாச்சியின் குழு கீர்த்தனைகளும் வாசிக்கும் என்பதை நான் நேரில் கேட்டு அறிவேன். பாளையங்கோட்டைச் சபைகளில் ராகத்தில் அமைந்த தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடாத ஞாயிறு உண்டா?

நாங்கள் கிளாரினெட்டில் கமகம் (சுரத்தை அசைப்பது) பிடிப்பது விரலின் சதையால்தான். துளையை மூடிய விரலை ஒரேயடியாகத் தூக்காமல், பக்கவாட்டில் மெல்ல உருட்டி, துளையின் விளிம்பு கால்பங்கு, அரைப்பங்கு எனத் திறக்கத் திறக்க, சுரம் விட்டுச் சுரம் வழுக்கும் ஜாரு கிடைக்கும். தோடியின் காந்தாரத்தை அப்படித்தான் அசைக்கிறோம். ஆல்டோ கிளாரினெட் ஒன்றை நான் திருவனந்தபுரத்தில் வாசித்துப் பார்த்தேன். அதில் விரல் துளையைத் தொடவே தொடாது. எல்லாத் துளைகளுக்கும் தட்டு மூடி. இடது ஆள்காட்டி விரலின் தட்டில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிறு துளை இருந்தது. அதுவும் மேல்ஸ்தாயிச் சுரங்களுக்காக விட்ட வழி. தட்டு ஒன்று மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். பாதி என்பதற்கு இடம் குறைவு. உதட்டால் கொஞ்சம் வளைக்கலாமே தவிர, விரலால் முடியவில்லை. பாசெட் ஹார்ன்களில் சிலவற்றில் மேல்பகுதி வளையங்களோடு திறந்த துளையாக இருக்கும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டதாக இருந்தால் கீர்த்தனைக்கு அதுவே ஏற்றது.

சுருதிக் கட்டையையும் சொல்லிவிடுகிறேன். எஃப் என்றால் நான்கு கட்டை; ஈ-பிளாட் என்றால் இரண்டரைக் கட்டை. பாரி நாகசுரத்தோடு சேர்த்து யோசித்தால் இரண்டரை எங்களுக்குப் பழகிய சுருதி. ஆனால் பாடற்குழு எந்தச் சுருதியில் பாடுகிறது என்பதே இங்கே முக்கியம்.

பாளைக் கிளாரினெட்

அனைவருக்கும் நன்றி. டீச்சர், அரைச்சுரம்தான் வேறுபாடு என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. அம்பை அண்ணாச்சி, நீங்கள் சொன்ன விரல் சங்கதியைப் படித்தவுடன் வியாபாரி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்பகுதியில் மூன்று திறந்த துளைகள் தெரிகின்றன. கறுப்பு மரம், ஜெர்மன் சில்வர் கீகள், ‘எஃப்’ என்ற எழுத்து முத்திரை. வலது கைப் பெருவிரல் இருக்கும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அங்கே கருவியைத் தாங்கும் கொக்கி மட்டும் இருக்கிறது. உடலின் அடியில் சிறுவிரலுக்கு இரண்டு கீகள். திறந்த துளை என்பதால் இப்போது என் மனம் இன்னும் உறுதியாக அதன் பக்கம் நிற்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

சாரல் பட்டறை

கொடுக்க வேண்டாம் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்கள்.

தென்காசியில் 19 ஆண்டுகளாகக் காற்றிசைக் கருவிகளுக்குப் பேடு (துளை மூடியின் அடிமெத்தை) மாற்றி, கோர்க் ஒட்டி, ஸ்பிரிங் போட்டு வருகிறேன். நீங்கள் சொன்ன படத்தில் எனக்குப் பெரிய ஐயம் எழுகிறது. பாசெட் ஹார்ன் என்றால் சாதாரணக் கிளாரினெட்டின் அடி ‘ஈ’-க்குக் கீழே ஈ-பிளாட், டி, ஸி-ஷார்ப், ஸி என்று நான்கு சுரங்கள் கூடுதலாக வேண்டும். அவற்றுக்கான கீகளை எங்கேயாவது வைத்தாக வேண்டும். பெரும்பாலும் வலது பெருவிரலின் அருகிலும் சிறுவிரல்களின் அருகிலும் அடுக்கியிருப்பார்கள். நீண்ட தண்டுகள் அடிவரை ஓடும். கருவியின் கீழ்ப்பகுதியே அதற்காக நீண்டிருக்கும். பெருவிரல் பக்கம் வெறுமையாக, சிறுவிரலுக்கு இரண்டே கீயோடு இருப்பது பாசெட் ஹார்னாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய பிரிட்டிஷ் பேண்டுகளில் எஃப் சுருதி ஆல்டோ கிளாரினெட் இருந்தது. டெனர் கிளாரினெட் என்றும் அழைப்பார்கள். எஃப் என்ற முத்திரையைப் பார்த்ததும் பாசெட் ஹார்ன் என்று சொல்லி விற்பது புதிதன்று. தெரியாமலே அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அந்த வியாபாரியைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஒரே ஒரு சோதனை போதும். எல்லாத் துளைகளையும் எல்லாக் கீகளையும் மூடி அடிச்சுரத்தை ஊதச் சொல்லுங்கள். கைபேசியில் டியூனரை (சுருதி அளக்கும் செயலி) திறந்து ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 87 வந்தால் பாசெட் ஹார்ன். 110-ஐ ஒட்டி வந்தால் எஃப் ஆல்டோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய மரக்கருவியைப் பாளையங்கோட்டையில் வைத்துக்கொள்வது கைக்குழந்தையை வளர்ப்பதுபோல. ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் சாரல் அடிக்கும்போது உங்கள் ஊரில் வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசுகிறது. போன ஆண்டு ஒருவர் இங்கே என்னிடம் பேடு மாற்றிய மரக் கிளாரினெட்டை, ஈரம் உலராத நிலையிலேயே பேருந்தில் எடுத்துப்போய், மறுநாள் முருகன்குறிச்சியில் மாடியறை மின்விசிறியின் கீழ் ஊதியிருக்கிறார். மேல்பகுதியில் டிரில் கீயின் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடிவிட்டது. ரெசோனைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

தென்பொருநை

சாரல் பட்டறை அண்ணாச்சி சொல்வது முற்றிலும் சரி. அவசரப்பட்டு வாங்கச் சொல்லிவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. என் கருவியில் வலது பெருவிரலுக்கு மட்டும் இரண்டு கீகள் இருக்கின்றன. முதல் மாதம் முழுவதும் அவற்றைத் தெரியாமல் அழுத்தி அழுத்தி, வாசிப்பின் நடுவே சுரம் மாறிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கீகள் இல்லாத பாசெட் ஹார்னை நான் பார்த்ததில்லை.

பாளைக் கிளாரினெட்

வியாபாரியிடம் பேசினேன். முகம் கோணாமல் அங்கேயே ஒரு வாசிப்பாளரை அழைத்து ஊதச் செய்து ஒலிப்பதிவை அனுப்பினார். மூன்று முறை அளந்தேன். 113 ஹெர்ட்ஸ். 87-உம் இல்லை, 110-உம் இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? ரீடு (ஊதும் நாணல் தகடு) சரியில்லையா?

வண்ணார்பேட்டை டீச்சர்

ரீடு மாறினால் இந்த அளவுக்கு எல்லாச் சுரமும் ஏறாது. நீங்கள் அனுப்பிய பதிவில் அவர் தொடர்ந்து வாசித்த சுரவரிசை முழுவதையும் நானும் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி ஏறி நிற்கிறது. 1920-களின் இறுதி வரை பிரிட்டிஷ் ராணுவப் பேண்டுகள் ‘ஏ’ சுரத்தை 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தன. நாம் இன்று வைப்பது 440. 110-ஐ 440-ஆல் வகுத்து 452-ஆல் பெருக்கிப் பாருங்கள், 113 வரும். இது அந்தக் காலத்து உயர்சுருதிக் கருவி.

சாரல் பட்டறை

டீச்சர் கணக்கோடு பிடித்துவிட்டார்கள். உயர்சுருதிக் கருவியைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கழுத்தை இழுத்தால் மேலே உள்ள சுரங்கள் அதிகமாகவும் கீழே உள்ளவை குறைவாகவும் இறங்கும். துளைகளுக்கு இடையிலான தூரமே 452-க்காக அளந்து போட்டது. பியானோவோடும் ஆர்கனோடும் அது ஒருநாளும் சேராது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அழகான கருவி. உங்கள் பணத்துக்கு உரியது அன்று.

இன்னும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். எஃப் ஆல்டோவில் ஏடு மாற்றாமல் வாசிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது அடி ‘ஈ’-யோடு நிற்பதால் பாசெட் ஹார்னின் நான்கு சுரங்கள் அதில் இல்லை. நாகர்கோவில் பண்டியில் ஏடு மாற்ற வேண்டும். இல்லாமல் போவது ஒரே சுரம். நான்கில் ஒரு பங்கு விலைக்கு எது கிடைக்கிறது என்று பாருங்கள்.

தென்பொருநை

என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். உண்மையான பாசெட் ஹார்ன் கைக்கு வரும்வரை ஆல்டோவே உங்களுக்கு ஏற்றது. நாதத்தை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள். பாசெட் ஹார்னுக்கும் நாங்கள் ஆல்டோ கிளாரினெட் ரீடுதான் போடுகிறோம். மூன்றாம் எண்ணுக்குக் குறையாத ரீடு போட்டு, மவுத்பீஸைச் சற்றுக் குறைவாக வாயில் கொண்டு, மூச்சை மெலிதாகவும் இடைவெளியின்றியும் விட்டுப் பாருங்கள். மணியைக் கேட்பவர்களை நோக்கி வைக்காமல் உங்கள் ஆடைப் பக்கம் திருப்பி உட்காருங்கள். அந்தத் திரை மூடிய ஒலியின் அருகிலாவது போகலாம்.

அம்பை நாதம்

கீர்த்தனை பாகத்தை மற்ற மூன்று பி-பிளாட் கிளாரினெட்டுகளும் எடுத்துக்கொள்ளட்டும். கமகம் அங்கே இருக்கட்டும். ஆல்டோவுக்கு நீண்ட ஆதார சுரங்களைக் கொடுங்கள் அண்ணாச்சி. ஆதார சுரத்தில் அது மிக நன்றாக நிற்கும் என்பதைத் திருவனந்தபுரத்தில் என் காதால் கேட்டேன்.

பாளைக் கிளாரினெட்

சனிக்கிழமை நாகர்கோவில் போய் வந்தேன். அந்தப் பெரியவர் தம் ஆல்டோவைச் சிவப்பு வெல்வெட் உள்ள பெட்டியில், மடித்த வேட்டித் துணி சுற்றி வைத்திருந்தார். அடி ஈ-பிளாட் கீ இருக்கிறது. அளந்தேன், 92. வலது மோதிர விரலின் தட்டில் பேடு ஓரம் கிழிந்திருந்ததால் அந்தச் சுரமும் அதற்குக் கீழே உள்ளவையும் முதலில் காற்றாய் வந்தன. விரலால் தட்டை அழுத்திப் பிடித்தவுடன் முழு ஒலியும் திறந்தது. விலையில் அவர் தாமாகவே பேடு மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டார். வாங்கிவிட்டேன்.

சாரல் பட்டறை அண்ணாச்சி, புதன்கிழமை கருவியோடு தென்காசிக்கு வருகிறேன். டீச்சர், முதல் பாசெட் ஹார்ன் பாகத்தைப் பி-பிளாட் கிளாரினெட்டுக்கும் இரண்டாவதை ஆல்டோவுக்கும் எழுதித் தர முடியுமா? முதல் பாகத்தை எங்கள் குழுவின் இளையவளான கல்லூரி மாணவி வாசிப்பாள். மூச்சு நீளம் அவளுக்கு என்னைவிட அதிகம். செல்லோ வரியை யுபோனியம் மெல்ல எடுத்துக்கொள்ளும். பாடற்குழு வருவதற்கு முன், வருகிற ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் நாங்கள் மூவரும் முதல் 13 தாள அளவுகளை (பார்களை) மட்டும் வாசித்துப் பார்க்கப்போகிறோம்.

வண்ணார்பேட்டை டீச்சர்

இரண்டு பாகமும் வெள்ளிக்கிழமை கையில் இருக்கும். மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துத் தருகிறேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்துவிடாதீர்கள்.